ரேட்ல கை வைக்காதீங்க, வேற என்ன வேணும்?

"சார், சதுர அடி ரேட்ல மட்டும் கை வைக்காதீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, மேல பேசி வாங்கித் தர்றேன்."

மேடவாக்கத்தில் தொடங்கி கேளம்பாக்கம் வரை ஃப்ளாட் பார்க்க ஏறி இறங்கிய விற்பனை அலுவலகங்களில் எல்லாம் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டேன். முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது இடத்தில்தான் அதற்குள் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. எனக்கு 7,500-ஐ 7,200 ஆக்கினால் அது பத்திரத்தில் ஏறும். அடுத்து வருபவர் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால், கைமாற்றுத் தொகை அப்படியே தெரியும். "அவருக்கு மட்டும் எப்படி?" என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தால், விற்காமல் கிடக்கும் நாற்பது வீட்டுக்கும் விலை இறங்கிவிடும். அதனால்தான் பில்டர் ரேட்டைக் காவல் காத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வேறு பொருட்களை எடுத்துத் தருகிறார்.

(அந்த வில்லங்கச் சான்றை நாமும் பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டு, அதே பிராஜெக்ட்டில் கடைசியாகப் பதிவானவை என்ன விலைக்குப் போயின என்று பார்த்துவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.)

ஆக, அந்தப் பின்வாசலில் எதை வாங்குவது, எதை வேண்டாம் என்பது? கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம்: 1,000 சதுர அடி, கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட், சதுர அடி 7,500, மொத்தம் 75 லட்சம். பில்டர் எந்த ரூபத்திலாவது மூன்று லட்சம் இறங்கி வரத் தயார். அந்த மூன்று லட்சத்தை எந்த ரூபத்தில் கேட்பது என்பதுதான் கேள்வி.

ரேட்டாகவே கேட்டால்

சதுர அடிக்கு 300 குறைந்தால் மூன்று லட்சம் மட்டும் குறைவதில்லை. கட்டிமுடிக்காத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதில் 15,000 மிச்சம். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் வந்த கூட்டு மதிப்பு முறைப்படி (மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகக் கணக்கிடுவது), முதல் விற்பனை ஃப்ளாட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 2. நம் வீட்டுக்கு மொத்தம் 7 சதவீதம். அதில் 21,000 மிச்சம். ஆக 3.36 லட்சம். ஒரு நிபந்தனை: பதிவுத்துறை அந்த இடத்துக்கு நிர்ணயித்த மதிப்புக்குக் கீழே விலை போனால், முத்திரைத் தீர்வை அந்த மதிப்புக்குத்தான். அப்போது இந்த 21,000 முழுதாகக் கிடைக்காது.

ஆனால் இந்த லாபம் கையில் தெரியாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு விலையில் 80 சதவீதம் வரைதான் கடன். விலை மூன்று லட்சம் குறைந்தால் கடன் 2.4 லட்சம் குறையும். நாம் கையிலிருந்து போட வேண்டியதில் மீதி 96,000 தான் குறையும். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணையில் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். நகையை விற்று, பி.எஃப். எடுத்து, அப்பாவிடம் கேட்டு முன்பணம் திரட்டுகிறவருக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரியாது.

விளிம்பில் நிற்கும் விலைகளில் மட்டும் ரேட்டைத் தவிர வேறெதுவும் கேட்கவே கூடாது. 51 லட்சம் என்றால் பதிவுச் செலவு 3.57 லட்சம், 50 லட்சத்துக்கு இறக்கினால் 3 லட்சம். ஒரு லட்சம் குறைத்ததற்கு 57,000 இனாம். 45 லட்சத்து விளிம்பு இன்னும் கூர்மை. சென்னை போன்ற பெருநகரில் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் நடக்கிற தரையின் அளவு) 60 சதுர மீட்டருக்குள், மொத்தத் தொகை 45 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 1 சதவீதம்தான். 46 லட்சத்துக்கு 2.30 லட்சம் வரி; 45-க்கு 45,000. அந்த மொத்தத் தொகையில் கார் பார்க்கிங், லொகேஷன் சார்ஜ் எல்லாம் சேரும். ஆசைப்பட்டு ஒரு அப்கிரேடைப் பில்லில் ஏற்றினால், விளிம்பைத் தாண்டி வரி ஐந்து மடங்காகிவிடும்.

ரேட்டைத் தொடாமல் ரேட்டைக் குறைக்கும் வழி ஒன்றும் உண்டு: ஃப்ளோர் ரைஸ். மாடிக்கு மாடி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஏற்றுவார்கள். முதல் மாடிக்கு மேல் மாடிக்கு 30 ரூபாய் என்றால் ஐந்தாவது மாடியில் 120 கூடும். 1,000 சதுர அடிக்கு 1.2 லட்சம். "உங்க ரேட் அப்படியே இருக்கட்டும், ஃப்ளோர் ரைஸை எடுத்துடுங்க" என்றால் மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அவருடைய 7,500 தாளில் பத்திரமாக இருக்கிறதே.

ரிஜிஸ்ட்ரேஷன் ஃப்ரீ

அதே மூன்று லட்சத்தைப் பத்திரச் செலவாகத் தந்தால் கதையே வேறு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வங்கி கடன் கணக்கில் சேர்க்கும் வீட்டு விலைக்குள் வராது. அந்தப் பணம் முழுக்கக் கையிலிருந்து. எனவே இங்கே மூன்று லட்சம் என்றால் கைக்காசு மூன்று லட்சமே. ரேட் குறைப்பில் 96,000, இதில் மூன்று லட்சம். தவணை மட்டும் குறையாது.

கையில் காசு தட்டுப்பாடு உள்ளவர் இதைத்தான் கேட்க வேண்டும். சம்பளத்தில் தவணை கழுத்தை நெரிக்கும் என்று பயப்படுகிறவர் ரேட்டைக் கேட்கட்டும். இரண்டும் நல்ல சலுகைகள்தான், ஆளைப் பொறுத்து மாறும்.

சிக்கல் சொல்லில் இருக்கிறது. "ரிஜிஸ்ட்ரேஷன் ஃப்ரீ" என்று பேனரில் போட்டிருப்பதை நாம் 7 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கு 5.25 லட்சம். கேட்டுப் பார்த்தால் பதிவுக் கட்டணமான 2 சதவீதத்தைத்தான் சொன்னோம் என்பார்கள். அது 1.5 லட்சம். தாளில் "முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்" என்று இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

மாடுலர் கிச்சன், ஏசி, தங்கக் காசு

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது இதுதான். என் பட்டியலில் கடைசி.

"மூணு லட்சம் மதிப்புள்ள மாடுலர் கிச்சன்" என்பதில் மதிப்பு போட்டது யார்? மொத்தமாக நூறு வீட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் பில்டருக்கு அது எவ்வளவில் முடியும் என்பது அவருக்கும் கான்ட்ராக்டருக்கும்தான் தெரியும். பலகை பிளைவுட்டா பார்ட்டிக்கிள் போர்டா என்று கேட்டால் "பிரீமியம் போர்டு சார்" என்று பதில் வரும். சிங்க் அடியில் ஒரு முறை தண்ணீர் கசிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

அதைவிட முக்கியம், இலவசம் என்றாலும் அந்தப் பணம் 75 லட்சத்துக்குள்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை இரண்டையும் அதற்கும் சேர்த்தே கட்டுகிறோம். மூன்று லட்சத்தில் கடனாகப் போகும் 2.4 லட்சத்துக்கு 20 வருடத்தில் வட்டியோடு கட்டுவது கிட்டத்தட்ட 5 லட்சம். அந்த அலமாரிக் கதவின் கீல் அதற்குள் எத்தனை தடவை மாறியிருக்கும்? ஏசியும் அப்படித்தான், தவணை முடிவதற்குள் காயலான் கடைக்குப் போய்விடும். இவற்றை வீடு கைக்கு வந்த பிறகு, நமக்குப் பிடித்த ஆசாரியை வைத்து, நம் வசதிப்படி செய்துகொள்ளலாம்.

சுவருக்குள் போகிறவை

அப்கிரேட் என்றால் எனக்கு இதுதான். கண்ணுக்குத் தெரியாது, விளம்பரத்தில் வராது, பிறகு செய்யவும் முடியாது. செய்தாலும் சுவரை உடைத்து, டைல்ஸைப் பெயர்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கித்தான்.

எல்லாப் படுக்கையறையிலும் ஏசி பாயின்ட், அதற்குத் தனி வயர், தனி டிரிப் சுவிட்ச். இன்வெர்ட்டர் வயரிங். சமையலறையில் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் குழாய், கழிவு வழி, ப்ளக். சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்கும் இதே மூன்றும். பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங்கில் ஒரு கோட் கூடுதல். கான்கிரீட் லாஃப்ட். மீட்டர் போர்டிலிருந்து நம் கார் பார்க்கிங் வரை சார்ஜிங்குக்கு ஒரு பைப். வயர் பிறகு இழுத்துக்கொள்ளலாம், பைப் இருந்தால் போதும். குடியேறிய பிறகு இதே பைப்பைப் போட வேண்டுமென்றால் அசோசியேஷன் கூட்டத்தில் கை தூக்கி, ஆறு மாதம் காத்திருந்து, அப்புறமும் கிடைக்காமல் போகலாம்.

இவற்றில் பலவும் கட்டும்போது பில்டருக்குச் சில ஆயிரங்களில் முடியும் வேலை. நமக்குப் பின்னால் பல மடங்கு. கொடுப்பவருக்குச் சின்னது, வாங்குபவருக்குப் பெரியது என்பதால் பேரத்தில் இதைவிடச் சுலபமாகக் கிடைப்பது வேறில்லை. ரேட்டில் 25 ரூபாய் குறைக்க மூச்சு முட்டும் மேனேஜர், பத்து பாயின்ட்டுக்கு "அது ஓகே சார்" என்பார்.

ஆனால் நேரம் பார்க்க வேண்டும். சுவரை நகர்த்துவதென்றால் செங்கல் வேலைக்கு முன். பாயின்ட் என்றால் பூச்சுக்கு முன். டைல்ஸ் என்றால் ஒட்டுவதற்கு முன், அதுவும் ஆர்டர் போவதற்கு முன். ஒரு வாரம் தவறினால் "ஒர்க் முடிஞ்சிடுச்சு சார்".

டைல்ஸைப் பற்றி ஒரு சொல். அவர்கள் போடுவது வேண்டாம், நாமே வாங்கித் தருகிறோம் என்றால் "கிரெடிட்" தருவார்கள். புரோஷரில் அந்த டைல்ஸ் உசத்தியானது. கிரெடிட் தாளில் அதே டைல்ஸ் மலிவானது. நான் பேசிய இடத்தில் பெருமையாகக் காட்டிய டைல்ஸுக்குத் திருப்பித் தர வந்த தொகையைப் பார்த்து, இவ்வளவு மட்டமானதையா என் வீட்டில் ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டு சதுர அடிக்கு ஐந்து ரூபாய் கூட்டினார். அவர்களுடைய சப்ளையரிடமே மேல் ரகத்தைத் தேர்ந்தெடுத்து வித்தியாசத்தை மட்டும் கட்டுவது பெரும்பாலும் லாபம்.

தவணை முறை

வீடு கைக்கு வரும்வரை இ.எம்.ஐ. இல்லை, வட்டியைப் பில்டரே கட்டுவார் என்ற திட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கடன் நம் பேரில். பில்டர் கட்டாமல் விட்டால் வங்கி தேடி வருவது நம் வாசலுக்கு. 2019-லேயே தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுக் கடன் நிறுவனங்களை இதிலிருந்து விலகச் சொன்னது. இதற்குப் பதிலாக, வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் என்று தவணைப் பட்டியலை மாற்றிக் கேட்கலாம். கடைசி 5 சதவீதத்தைச் சாவி வாங்கும்போது கொடுக்கிறேன் என்பதற்கு ஒத்துக்கொண்டால் அது ஒரு மாடுலர் கிச்சனைவிட மேல். கசியும் குழாயைச் சரிசெய்ய ஆள் உடனே வருவார்.

ஒப்பிடும்போது எதை ஒப்பிடுகிறோம்?

இத்தனை பேரமும் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியதை நானே தாமதமாகத்தான் செய்தேன். ஒரு பில்டர் 7,200 சொன்னார், இன்னொருவர் 7,500. இரண்டும் 1,000 சதுர அடி சேலபிள் ஏரியா, அதாவது சுவரும் பொது இடங்களின் பங்கும் சேர்த்து விற்கும் அளவு. முதல் வீட்டின் கார்பெட் 680, இரண்டாவதில் 740. வகுத்துப் பார்த்தால் முதலாவது கார்பெட் சதுர அடிக்கு 10,588, இரண்டாவது 10,135. முன்னூறு ரூபாய் மலிவு என்று ஓடிப்போன வீடு, நடக்கிற தரைக்குக் கணக்குப் போட்டால் விலை கூடியது. யு.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத மனைப் பங்கையும் இப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கி, விற்காமல் நிற்கும் வீடு மற்றொரு கணக்கு. அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, 75 லட்சத்தில் 3.75 லட்சம் நேராக மிச்சம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மெயின்டெனன்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் பில்டர் ரேட்டிலும் இறங்குவார். சுவருக்குள் எதுவும் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

எப்போது பேசுவது?

வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரெரா எனும் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பேரம் முழுக்க அந்த 10 சதவீதம் கொடுப்பதற்கு முன்னால்தான். புக்கிங் அட்வான்ஸ் போன அன்றே "சார்" குறைந்து "ஃபைனான்ஸ் டீம்கிட்ட பேசுங்க" ஆரம்பமாகிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் அலுவலகம் காற்று வாங்கும். அப்போது போய்ப் பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ பதிவு வைத்துக்கொண்டால் நல்ல நாளும் ஆயிற்று, நல்ல விலையும் ஆயிற்று. 2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனதையும் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தலாம். 5 சதவீத முறையில் பில்டருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு (பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது; சிமென்ட் வரி குறைந்தால் அவர் கையில்தான் மிச்சம்.

பேசியதெல்லாம் ஒப்பந்தத்தின் ஸ்பெசிஃபிகேஷன் அட்டவணையில், அதாவது வீட்டில் என்னென்ன எந்தத் தரத்தில் இருக்கும் என்ற பட்டியலில், ஏற வேண்டும். ரேட் குறைப்பு தானாகவே பத்திரத்தில் ஏறும். அப்கிரேட் ஏறாது, அதை நாம்தான் ஏற்ற வேண்டும். சைட் இன்ஜினீயரிடம் ரொக்கமாகக் கொடுத்து "எக்ஸ்ட்ரா ஒர்க்" செய்துகொள்வது எங்கும் நடக்கிறது. வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் குறை தெரிந்தால் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்ய வேண்டும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது ஒப்பந்தப்படியான வேலைக்கு. தாளில் இல்லாத பாத்ரூம் கோட் கசிந்தால் இன்ஜினீயரின் பழைய மொபைல் நம்பரைத்தான் தேட வேண்டும்.

என் அட்டவணை அச்சாகி வந்தபோது எல்லாம் இருந்தது: பாயின்ட்டுகள், லாஃப்ட், பார்க்கிங் பைப், டைல்ஸின் பெயரும் எண்ணும்கூட. ஒவ்வொரு வரியின் முடிவிலும் "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்திருந்தார்கள். பேனா வாங்கி, பதினோரு இடத்தில் அதை அடித்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். மேனேஜர் அன்று முதல்முறையாக எனக்குக் காபி சொல்லவில்லை.