"எல்லா ரைடும் அடக்கம்" என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள் (தருமபுரி குடும்பங்களுக்கு)

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கமிருந்து லீவுக்குச் சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு தீம் பார்க் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தருமபுரியில் வேன், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து "குடும்ப பேக்கேஜ்" விற்கும் ஒரு டிராவல்ஸில் தலைக்கு 1,650 ரூபாய் வீதம் ஆறு பேருக்குக் கட்டினோம். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரையும் பார்க் பெயரையும் போடவில்லை. ஏமாற்றுகிற விதம் தெரிந்தால் போதும், பெயர் தானாகப் புரியும்.

பணம் கட்டும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, எங்க அத்தைக்கு அறுபது தாண்டிடுச்சு, பையனுக்கு நாலு வயசு. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுற மாதிரி ரைடு இருக்கா?" அதற்கு அவர், "பன்னிரண்டு இருக்கு அண்ணா, குடும்பத்துக்குன்னே தனிப் பகுதி" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பினார். குதிரை ராட்டினம், கப் சாஸர், குட்டி ரயில், ஜெயன்ட் வீல், மெதுவாக மிதந்து போகிற தண்ணீர் ரைடு என்று வரிசையாக இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் "எல்லா ரைடும் அடக்கம்".

பார்க்கில் எங்கள் கையில் கட்டிய பட்டையை அந்தக் குடும்பப் பகுதி வாசலில் பார்த்ததுமே நிறுத்திவிட்டார்கள். அது கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் கொடுக்கிற சலுகை டிக்கெட்டாம். தலைகீழாகச் சுற்றுவது, செங்குத்தாக விழுவது எல்லாம் அதில் அடக்கம். குதிரை ராட்டினத்துக்கும் கப் சாஸருக்கும் தனியாக 80 ரூபாய் கூப்பன் வாங்க வேண்டும். குட்டி ரயில் "மெயின்டனன்ஸ்". தண்ணிப் பக்கம் நைலான் உடை இல்லாமல் விட மாட்டார்கள், அதை அங்கேயே கடையில் வாங்க வேண்டும். டிராவல்ஸ்காரர் "எந்த டிரஸ்ஸும் போட்டுக்கலாம் அண்ணா" என்று சொல்லியிருந்தார். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். எலுமிச்சை சாதம், அவ்வளவுதான்.

சரி, பட்டையில் அடங்கிய ரைடுகளிலாவது ஏறலாம் என்றால், ஒவ்வொரு வாசலிலும் உயரம் அளக்கிற கம்பு. பையன் 96 சென்டிமீட்டர். பெரும்பாலானவற்றுக்கு 120 வேண்டும், சிலவற்றுக்கு 140. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. மடிமேல் வந்து பூட்டுகிற கம்பி பெரியவர் உடம்புக்கு ஏற்ப இருக்கிறது, சின்னப் பிள்ளை அதன் அடியில் வழுக்கி வெளியே போய்விடும். அத்தைக்கோ முதுகு வலி, பி.பி. இரண்டும் உண்டு, வாசல் பலகையிலேயே அப்படிப்பட்டவர்கள் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆக, பணம் கட்டிய ஆறு பேரில் இரண்டு பேருக்கு அந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள மாறி மாறி ஒருவர் உட்கார வேண்டியிருந்ததால் உண்மையில் மூன்று பேர்.

டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அண்ணா, எல்லா ரைடும்னுதான் சொன்னோம். எல்லாரும் ஏறலாம்னு சொல்லலையே."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. மெதுவான ரைடுகள் என்றால் இவர்களுக்கு இளப்பம். எனக்குப் பிடித்ததே அவைதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டுக்கு விதை எது தெரியுமா? வால்ட் டிஸ்னி தன் மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடுகிற இடம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது என்பார். அப்படித் தொடங்கிய விஷயத்தில், நான் ஆறு ஜோடிச் செருப்பையும் பைகளையும் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கூப்பன் வாங்கி ஏறியதை வைத்துச் சொல்கிறேன், கூட்டிப்போகிறவர்களுக்கு உதவும். குதிரை ராட்டினத்தில் வெளி வரிசைக் குதிரை உள் வரிசையைவிட வேகமாகப் போகும், ஒரே சுற்றில் அதிக தூரம் ஓட வேண்டுமல்லவா? பயப்படுகிற பிள்ளையை உள் வரிசையில் வையுங்கள். சில ராட்டினங்களில் பெரியவர்கள் உட்கார ஒரு தேர் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். கப் சாஸரில் நடுவில் இருக்கும் வட்டைத் தொடாமல் விட்டால் கப் அதிகம் சுற்றாது, அத்தைகூடச் சிரித்துக்கொண்டே இறங்கினார். அண்ணன் பையன் அந்த வட்டைப் பிடித்துத் திருகியதில் அவனோடு ஏறிய என் மனைவிக்கு வீடு வரும்வரை தலை சுற்றியது. கொலம்பஸ் கப்பலைக் குடும்ப ரைடு என்று பலகையில் போட்டிருந்தாலும் இரண்டு ஓரமும்தான் உயரே போகும். நடு வரிசை கிடைத்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். டேஷிங் காரை நான் மெதுவான ரைடு கணக்கில் சேர்ப்பதே இல்லை, பின்னாலிருந்து வந்து இடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: "குழந்தைகள் ரைடு" வேறு, "குடும்ப ரைடு" வேறு. குழந்தைகள் ரைடில் பெரியவர்களை ஏற்ற மாட்டார்கள். பையன் தனியாக ஒரு குட்டி விமானத்தில் உட்கார்ந்து, அது கிளம்பும் முன்பே அழுது இறங்கிவிட்டான். அந்த 80 ரூபாயும் போச்சு. டிராவல்ஸ் லிஸ்டில் இருந்த பன்னிரண்டில் பாதி இந்த வகைதான்.

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில் ராட்டினம் போடுகிறவர்கள் எவ்வளவோ மேல். ஒவ்வொரு ரைடுக்கும் தனி டிக்கெட், கண்ணால் பார்த்து, பிடித்தால் காசு கொடுத்து ஏறுகிறோம்.

திரும்பி வந்து கடையில் கேட்டதற்கு, ஏற்காடு டிரிப்பில் 500 ரூபாய் குறைக்கிறேன் என்றார். ரசீது என்று அவர் கொடுத்தது ரப்பர் ஸ்டாம்ப் குத்திய துண்டுச் சீட்டு, ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. அதனால் வாட்ஸ்அப் படம், பேசிய செய்திகள், ஜிபே விவரம், கூப்பன்களின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன்பிறகு முதல் தடவையாக அவரே கூப்பிட்டு, "ஏன் அண்ணா இதெல்லாம்" என்றார். பணம் இன்னும் வரவில்லை.

வராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பார்க் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதே பன்னிரண்டு ரைடு படம் இப்போது மஞ்சள் நிறத்தில் "பொங்கல் சிறப்பு" என்று சுற்றுகிறது. உங்களுக்கு வந்திருந்தால், முன்பணம் அனுப்பும் முன் பார்க் கவுண்டருக்கே போன் போட்டு, உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்தையும் பெரியவர் வயதையும் சொல்லி, இருவரும் சேர்ந்து ஏறக்கூடியவை எவை, அவை அந்த டிக்கெட்டில் வருமா, அன்றைக்கு ஓடுமா என்று பெயர் பெயராகக் கேளுங்கள். டிராவல்ஸ்காரரிடம் அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் வேறு கடை பாருங்கள்.