சிம்மக்கல் பழைய புத்தகக் கடை: விளம்பரப் பக்கம் கிழிக்காத முழு இதழ் வேண்டும் என்றால் இங்கே போங்கள்

மதுரையில் பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு இடம் சொல்வார்கள். புது மண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, அங்கே பாடப்புத்தகமும் பஞ்சாங்கமும் தான் அதிகம். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறிக்கும் சைக்கிள் சாமானுக்கும் நடுவே அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது மாட்டும். நான் இங்கே எழுத வந்தது சிம்மக்கல்லில், மாவட்ட மைய நூலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில், சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் கடையைப் பற்றி. பெயர்ப் பலகை கிடையாது. பச்சை மரக்கதவு, வாசலில் கயிறு கட்டிய பத்திரிகைக் கட்டுகள், அதுதான் அடையாளம்.

1940-லிருந்து 1965 வரைக்கும் நம் வீடுகளில் சாதாரண நாள் எப்படிப் போயிற்று, என்ன வாங்கினார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், சாயங்காலம் எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கடை மதுரையில் நான் பார்க்கவில்லை. காரணம் ஒன்றுதான். இங்கே முழு இதழ் கிடைக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று பழைய பத்திரிகை சேர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் விகடனிலோ கல்கியிலோ தொடர்கதை வந்தால், கதைப் பக்கத்தை மட்டும் வாராவாரம் கிழித்து அடுக்கி வைத்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். மீதிப் பக்கமெல்லாம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். அதனால் இன்றைக்குப் பழைய புத்தகச் சந்தையில் தொடர்கதை பைண்டு ஏராளம், ஆனால் அந்த இதழில் கதைக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது காணோம். விளம்பரம், கேள்வி பதில், சினிமா விமர்சனம், வாசகர் கடிதம், ஜோக்கு எல்லாம் அதோடு போச்சு. கதைதான் புத்தகமாகவே கடையில் கிடைக்கிறதே! எனக்கு வேண்டியது மீதி. அந்த மீதியை இந்தக் கடைக்காரர் இத்தனை வருஷமாகப் பிரிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன தடவை எடுத்து வந்த கட்டில் 1957 ஏப்ரல் மாத இதழ் ஒன்று இருந்தது. அந்த மாதம் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (அணாவிலும் சின்னக் காசு) என்று எண்ணிப் பழகிய ஊர் ஒரே நாளில் ரூபாய்க்கு 100 என்று மாற வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் கட்டம் கட்டி மாற்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். நாலணா என்றால் 25 நயா பைசா, சிக்கலே இல்லை. ஒரு அணா என்றால் கணக்குப்படி ஆறேகால் வரும், அதை 6 ஆக்கினார்கள். மூணணாவுக்கு 18.75 வரும், அதை 19 ஆக்கினார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். நாலு தடவை ஒவ்வொரு அணாவாகக் கடையில் கொடுத்தால் 24 தான் ஆகிறது, மொத்தமாக நாலணாவுக்குச் சாமான் வாங்கினால் 25 கொடுக்க வேண்டும். மூணணா காய் வாங்குகிறவர் கால் நயா பைசா கூடக் கொடுக்கிறார். ஊரெல்லாம் எவ்வளவு சண்டை நடந்திருக்கும்! அந்த இதழின் பென்சில் எழுத்து எனக்கு இன்னும் பிடிக்கும். அட்டவணை ஓரத்தில் யாரோ அந்த வீட்டுப் பெண்மணி, பால் கணக்கைப் பழைய காசில் ஒரு வரியும் புதுக் காசில் ஒரு வரியும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்குக் கீழ் ஒன்று, அடித்து, திரும்ப எழுதி. கதைப் பக்கம் மட்டும் பைண்டு ஆகியிருந்தால் இது நம் கைக்கு வந்திருக்குமா?

பத்திரிகைக்கு அடுத்து இந்தக் கடையில் தேட வேண்டியது வீட்டுக் கணக்கு நோட்டுகள். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது மரமும் தூணும் ஒரு வழியாகப் போகும், காகிதம் இந்த மாதிரிக் கடைகளுக்கு வரும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த பழைய புத்தகக் குவியல்தான் இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரிலேயே பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சரி, நோட்டுக்கு வருவோம். நீளவாக்கில் மடித்த தாள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ரூபாய்க்கு ௹, மேலே எழுதியதே திரும்ப வந்தால் ௸. விலையை 3-4-6 என்று எழுதியிருப்பார்கள். மூணு ரூபாய் நாலணா ஆறு பை என்று படிக்க வேண்டும். எண்ணெய் வீசையில், புளி பலத்தில், அரிசி படியில். 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் 1.4 கிலோ. இதைத் தெரியாமல் ‘அந்தக் காலத்தில் எண்ணெய் இவ்வளவு மலிவா’ என்று கிலோ விலையோடு ஒப்பிட்டால் தப்பாகப் போகும். 1958 வாக்கில் கிலோ எடைக்கல் வரத் தொடங்கி 1962-இல் கட்டாயமானது, ஆனாலும் நான் பார்த்த நோட்டுகளில் அதற்கப்புறமும் வீசை விடாமல் வருகிறது. வாய்ப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்ன.

நோட்டுகளுக்கு அவர் கேட்கிற விலை மிகக் குறைவு. ஐம்பது ரூபாய்க்குக்கூட வாங்கியிருக்கிறேன். யாரும் சீண்டுவதில்லை என்பதுதான் காரணம், சீண்டாதது பெரிய நஷ்டம். பத்திரிகைகளுக்குள்ளும் சில சமயம் நல்ல துண்டுகள் சொருகிக் கிடக்கும். ரேஷன் கார்டு ஒன்று இப்படிக் கிடைத்தது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார், அதற்கு முந்தைய கார்டு அது. இன்னொரு முறை ரேடியோ லைசென்ஸ் புத்தகம். வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீஸில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்ட வேண்டியிருந்த காலம். தபால் கார்டு 5 நயா பைசா விற்றபோது 15 ரூபாய் என்றால் முந்நூறு கார்டு! தெருவில் ஒரு வீட்டில் மட்டும் ரேடியோ இருந்ததற்கும், வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டதற்கும் காரணம் இதற்குள் இருக்கிறது. மர்பி ரேடியோவின் குழந்தைப் படம் போட்ட விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி சினிமா. மதுரைக்காரர்கள் போனதும் முதலில் கேட்பது இதைத்தான், கடையில் விலை ஏறிப்போன பிரிவும் இதுதான். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தியேட்டர் டிக்கெட்டின் அடிக்கட்டை எல்லாம் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார். பாட்டுப் புத்தகம் அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் அணாக்கணக்கில் விற்றது, இன்றைக்கு நட்சத்திரத்தைப் பொறுத்து முந்நூறு, ஐநூறு என்று சொல்கிறார். எம்.ஜி.ஆர்., சிவாஜி என்றால் இன்னும் கூட. எனக்கு இந்த விலை நியாயமாகப் படவில்லை. ஒரே தாளை நாலாக மடித்த நோட்டீஸுக்கு முந்நூறு ரூபாய் கொடுப்பதைவிட அதே பணத்துக்கு மூணு முழு இதழ் வாங்கலாம், அதில் அந்தப் படத்தின் விளம்பரமும் விமர்சனமும் சேர்ந்தே வரும். ஆனால் தங்கம் தியேட்டர் நோட்டீஸ் ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு தொடங்கிய தியேட்டர் அது, ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று ஊரே பெருமை பேசியது. சிந்தாமணியும் இன்று இல்லை, அங்கே ஜவுளி விற்கிறார்கள். ரீகலில் இங்கிலீஷ் படம் பார்த்த தலைமுறையிடம் பேசினால் ஒரு சாயங்காலம் போதாது.

செய்தித்தாள் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் தான். ‘தந்தி’ 1942-இல் மதுரையில்தான் பிறந்தது, அப்படிப்பட்ட ஊரில் நாற்பதுகளின் நாளிதழ் ஒன்றாவது கிடைக்கும் என்று நானும் பலமுறை கேட்டேன். கிடையாது. தினசரித் தாள் மறுநாளே கடைகளுக்கு எடைக்குப் போயிற்று, வைத்திருந்ததும் மலிவுத் தாள் என்பதால் மடிப்பிலேயே அப்பளமாக நொறுங்குகிறது. இதற்கு நூலகங்களைத்தான் கேட்க வேண்டும். வார இதழ்களில் செய்தியின் எதிரொலி மட்டும் கிடைக்கும், அதுவும் சாமானியமில்லை. 1964 டிசம்பர் கடைசியிலிருந்து 1965 பிப்ரவரி வரையிலான இதழ்களை ஒரே கட்டாகக் கேளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது டிசம்பர் 22, 23 இரவில். ஜனவரி 25-இல் இதே மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொங்கல். அந்த வாரங்களை வரிசையாகப் புரட்டும்போது புடவை விளம்பரமும் பொங்கல் கவிதையும் துயரமும் கோபமும் பக்கத்துக்குப் பக்கம் வருவதைப் பார்த்தால்தான் அன்றைக்கு வாழ்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிடிபடுகிறது.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர், நல்ல மனுஷர். “எடுத்துப் பாருங்க தம்பி, பாக்குறதுக்கெல்லாம் காசு கேக்க மாட்டேன்” என்று ஸ்டூலை நகர்த்திப் போடுவார். கையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுப்பார், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் மட்டும் முகம் மாறிவிடும், அது சரிதானே. விலையில் கறார். அறுபதுகளின் இதழ் நூறு ரூபாயை ஒட்டி, நாற்பதுகள் என்றால் முந்நூறுக்கு மேல், தொடர்கதை பைண்டு ஆயிரத்தைத் தாண்டும். பத்துக்கு மேல் எடுத்தால் குறைப்பார், ஒன்றிரண்டுக்குப் பேரம் பேசினால் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

குறைகளும் இருக்கின்றன. பக்கம் விடுபட்டிருந்தால் அவராகச் சொல்வதில்லை, திருப்பியும் வாங்குவதில்லை. அதனால் வாங்குமுன் நடுப்பக்கத்தைப் பாருங்கள், தைத்த கம்பி துருப்பிடித்து நடுத்தாள் கழன்று விழுந்த இதழ்கள் நிறைய. யுத்த கால இதழ்களில் இன்னும் கவனம் வேண்டும், காகிதப் பஞ்சத்தில் மட்டமான தாளில் அச்சானவை, ஓரம் தொட்டால் உதிரும். எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாசம், ஆஸ்துமா இருப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போவது நல்லது. வருஷவாரியாக அடுக்கி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம். 1948 கேட்டால் 1961-ஐயும் சேர்த்துக் கலைத்துத்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கலைப்பிலும் நாலு பக்கம் கிழிகிறது. அவருக்கு உதவிக்கு ஆள் இல்லை. மதுரைக் கல்லூரிகளில் தமிழோ வரலாறோ படிக்கிற பிள்ளைகள் லீவு நாளில் போய் அடுக்கிக் கொடுத்தால் அவருக்கும் நல்லது, அவர்களுக்கும் கை நிறையப் படிக்கக் கிடைக்கும். நான் கேட்டுப் பார்த்தேன், சம்மதம்தான் என்றார்.

காலை பத்தரைக்குத் திறப்பார், மதியம் சாப்பாட்டுக்கு மூடினால் நாலு மணி ஆகிவிடும், ஞாயிறு கிடையாது. ஜிபே வாங்கிக்கொள்கிறார். தீபாவளி மலர் வேண்டும் என்றால் ஆடியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், விலையும் இரண்டு மடங்காகிறது.