காபி இலைச் சாறா, சிட்ரேட்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாக மின்னும் வெள்ளி, சில பத்து நானோமீட்டர் துகளாகச் சுருங்கினால் நீரில் பழுப்பு மஞ்சளாகத் தெரியும். 400 முதல் 450 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை அது விழுங்குவதே காரணம். நிறத்தை வைத்து அளக்கும் உயிருணரி, அதாவது உயிர்ப்பொருளைக் கொண்டு ஒன்றைக் கண்டறியும் கருவி, நம்பியிருப்பது இந்த நிறத்தைத்தான். அந்தத் துகளை இலைச் சாற்றில் செய்வதா, சிட்ரேட்டில் செய்வதா என்பதே கேள்வி.

இலைச் சாற்றில் துகள் செய்வதைப் 'பசுமை முறை' என்று கொண்டாடுகிறோம். எதற்கு எதிராகப் பசுமை? வெள்ளி அயனியைத் துகளாக்கப் பயன்படும் சோடியம் போரோஹைட்ரைடு கடுமையான பொருள். அதை விலக்குவது நியாயம். ஆனால் வேதியியலாளர் டர்கெவிச் 1951இல் தங்கத் துகளுக்குக் கையாண்ட சிட்ரேட், எலுமிச்சையில் உள்ள அமிலத்தின் உப்பு. அதை நஞ்சென்று தள்ள முடியாது. வெள்ளித் துகளுக்கு மூலப்பொருளான வெள்ளி நைட்ரேட்டோ இரு வழிகளிலும் அதேதான்.

ஏற்காட்டுக் காபி இலையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து வெள்ளியாக ஒடுக்குகின்றன. பிறந்த துகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. 100 மில்லி நீருக்கு 17 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் போதும். இலையைக் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். குழாய் நீரின் குளோரைடு தங்கிவிட்டால் வெள்ளி குளோரைடாக வெண்மையாய்க் கலங்கிவிடும்.

பலவீனமும் அந்த இலையிலேயே இருக்கிறது. கொழுந்தும் முற்றலும் ஒன்றல்ல. சில்வர் ஓக் நிழலில் நின்ற செடியும் வெயிலில் நின்றதும் ஒன்றல்ல. கோடையில் பறித்த இலை தந்த நிறம், மழைக்குப் பின் பறித்ததில் எனக்கு வரவில்லை. துகளின் அளவு மாறினால் நிறம் மாறும். நிறத்தை வைத்து அளக்கும் கருவிக்கு இது பெரிய குறை.

ஆகவே வேலையைப் பொறுத்தே தேர்வேன். நீரில் பாதரசம் உண்டா என்று மட்டும் பார்க்க நான் இலை வழி வெள்ளியையே எடுப்பேன். பாதரச அயனி வெள்ளியைக் கரைக்க, மஞ்சள் வெளுக்கும், கண்ணாலேயே காணலாம். எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றும் புரதம்) பூசிய சோதனைப் பட்டைக்குச் சிட்ரேட் தங்கம்தான், தயக்கமே இல்லை. சிட்ரேட் தளர்வாக ஒட்டியிருப்பதால் எதிர்ப்பொருளுக்கு எளிதில் இடம் விடும். பாலிஃபீனால் போர்வை அப்படி விலகுவதில்லை. நிறத்துக்குப் பதில் மின்னோட்டத்தை அளக்கும் உயிருணரியின் மின்முனையிலும் அது எலக்ட்ரானுக்குத் தடையாகலாம்.

இலையோடுதான் போவேன் என்பவர்கள் சாற்றை இலையின் எடையால் அளப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஃபோலின் சோதனையில் (ஃபீனால்களால் நீலமாகும் கரைசலின் நிறத்தை அளப்பது) மொத்த ஃபீனாலைக் கணக்கிட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குச் சாற்றை நீர்க்க வையுங்கள். இலைப் பையின் மேல் தோட்டம், நிழல், பறித்த தேதி மூன்றையும் எழுதுங்கள்.