மஞ்சள் ஸ்கெச் பென் கறுத்த கதை: வீட்டில் கலரிங் படம் அச்செடுத்த நான்கு ஆண்டுகள்

மகளுக்கு மூன்று வயதானபோது ஆரம்பித்தது. இப்போது அவளுக்கு ஏழு. இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு இங்க்ஜெட், அதற்குப் பிறகு ஒரு லேசர் என்று இரண்டு பிரிண்டர்களைப் பார்த்துவிட்டேன். மனைவி மழலையர் வகுப்பு ஆசிரியை. அதனால் வீட்டுக்கு எடுத்தது போக அவள் வகுப்புக்கும் சேர்த்தே அச்செடுத்திருக்கிறேன். "கலரிங் ஷீட் எடுக்க எந்த பிரிண்டர் நல்லது?" என்று யாராவது கேட்டால், "குழந்தை எதை வைத்துக் கலர் அடிக்கும்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். காரணம் அந்த மஞ்சள் ஸ்கெச் பென்.

முதல் பிரிண்டர் சாதாரண கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட். முதல் படம் சூரியகாந்தி. அச்சு பளிச்சென்று வந்தது, எனக்கும் பெருமை. மகள் மஞ்சள் ஸ்கெச் பென்னை எடுத்து இதழ்களில் இழுக்கத் தொடங்கினாள். இரண்டாவது இதழிலேயே கறுப்புக் கோடு கரைந்து மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறமானது. "அப்பா, பேனா அழுக்காயிடுச்சு" என்று முனையைக் காட்டினாள். மஞ்சள் முனை கறுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேனா வெள்ளைத்தாளில்கூட மஞ்சளாக எழுதவில்லை. ஒரு மாதத்தில் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் இப்படியே போயின. வெளிர் நிறப் பேனாக்கள்தான் முதலில் பலியாகும்.

விஷயம் மையில் இருந்தது. இங்க்ஜெட் மை இரண்டு வகை. டை மை என்பது நீரில் கரைந்த சாயம். தாளில் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். பிக்மெண்ட் மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருப்பதால் அவ்வளவு எளிதில் ஓடாது. பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட், மற்ற நிறங்கள் டை. என்னுடையதில் கறுப்பும் டை. வாங்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் அச்செடுத்த தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். கோடு ஓடினால் அந்த வீட்டில் கலர் பென்சிலும் கிரேயானும் போதும், ஸ்கெச் பென்னும் வாட்டர் கலரும் வேண்டாம்.

கறுப்பு பிக்மெண்ட் இருந்தும் கரைகிறது என்றால் பிரிண்ட் செட்டிங்கைப் பாருங்கள். தாள் வகை 'போட்டோ பேப்பர்' என்று இருந்தால் சில பிரிண்டர்கள் வண்ண மைகளைக் கலந்து கறுப்பை உண்டாக்கும். சாதாரணத் தாள், கறுப்பு வெள்ளை என்று வைத்தால் சரியாகும். வண்ண மையும் மிச்சம்.

இங்க்ஜெட்டின் இன்னொரு தொல்லை, சும்மா கிடந்தால் மை காய்ந்து நாசில், அதாவது மை தெளிக்கும் நுண்துளை, அடைத்துக்கொள்ளும். ஒருமுறை மாதக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கி எடுத்தேன். கழுத்து முழுக்க வெள்ளைப் பட்டைகள், நாலைந்து இடத்தில் வெட்டி வைத்ததுபோல. அந்தத் துளைகளில் மையைப் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை மூன்று தடவை ஓட்டிய பிறகுதான் தெளிந்தது. அந்த கிளீனிங் செலவழிப்பதும் நம் மையைத்தான். வாரத்துக்கு ஒரு பக்கமாவது எடுத்துக்கொண்டிருந்தால் இந்த வம்பு குறைவு.

இரண்டாம் ஆண்டின் முடிவில் கறுப்பு வெள்ளை லேசருக்கு மாறினேன். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. அதனால் தண்ணீருக்கு அசையாது. மகள் வாட்டர் கலரைக் குளமாகத் தேக்கினாலும் கோடு நின்ற இடத்தில் நிற்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அடைப்பில்லை. இதையெல்லாம்விட அவளுக்குப் பிடித்தது வேறு: தாள் வெளியே வரும்போது இருக்கும் வெதுவெதுப்பு. எடுத்ததும் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், கலர் அடிப்பதெல்லாம் அப்புறம்தான்.

லேசரிலும் குறை உண்டு. ஆல்கஹால் மார்க்கர் பட்டால் டோனர் கரைந்து இழுபடும். இன்னொன்று, மயிரிழையில் தப்பியது. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிரேயான் அடித்த தாளின் பின்பக்கத்தில் அடுத்த படத்தை எடுக்கப் போனேன். "மெழுகு உருகி உள்ள ஒட்டிக்கும், வேண்டாங்க" என்று மனைவி கையைத் தட்டிவிட்டாள். உள்ளே இருப்பது சூடான உருளை, கிரேயான் என்பது மெழுகு. எனக்கு ஏன் தோன்றவில்லையோ.

பிரிண்டருக்கு இவ்வளவு யோசித்தவன் தாளை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் ஓராண்டு ஓட்டினேன். வழக்கமான அலுவலகத் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), ஒரு ஏ4 தாள் சரியாக 5 கிராம் எடை. கலர் பென்சிலுக்கும் கிரேயானுக்கும் இது தாராளம். ஸ்கெச் பென் என்றால் பின்பக்கம் ஊறும், மேசையிலும் பச்சைப் புள்ளிகள் விழும். வாட்டர் கலர் பட்டால் அப்பளம்போல நெளியும். 120 ஜிஎஸ்எம்முக்கு மாறியதும் ஸ்கெச் பென் ஊறுவது ஏறக்குறைய நின்றது. வாட்டர் கலருக்கு 160 வரை போகலாம், ஆனால் அந்தக் கனத்தை உங்கள் பிரிண்டர் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாள் உள்ளே வளைந்து திரும்பும் அமைப்பு என்றால் சிக்கிக்கொள்ளும். பின்பக்க வழியாக நேராகச் செலுத்த முடிந்தால் நல்லது. நான் இரண்டு கட்டு வைத்திருக்கிறேன்: தினசரிக்கு 80, ஞாயிற்றுக்கிழமைக்கு 120. பிரித்த கட்டை உறையோடு மூடி வையுங்கள். தாள் ஈரத்தை இழுத்தால் சுருளும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு போகும்.

இனி படம். தேடலில் வரும் சின்னப் படத்தைப் போனில் அழுத்திப் பிடித்துச் சேமித்து அப்படியே அச்செடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன். ஏ4 முழுக்கத் தெளிவாக வர, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். 600 பிக்சல் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். பிடிஎஃப் கிடைத்தால் அதை எடுப்பதே மேல். பக்கத்தில் மின்னும் பெரிய டவுன்லோட் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம், அதைத் தொடவேண்டாம். பல கோப்புகள் அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் அளவில் இருக்கும். அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடுதல், 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு. 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுக்காவிட்டால் ஓரத்தில் இருக்கும் வால், காது எல்லாம் வெட்டுப்படும்.

பின்னணி முழுக்கக் கறுப்பாக இருக்கும் இரவுக் காட்சிகளை நான் எடுப்பதே இல்லை. கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, தாளில் சுமார் 5 சதவீதம் மை படும் என்று வைத்துச் சொல்வது. ராத்திரி வானம் ஒன்று அந்தக் கணக்கையே தின்றுவிடும், குழந்தைக்கும் கலர் அடிக்க நாலு நட்சத்திரம்தான் மிஞ்சும்.

ஏஐ உருவாக்கும் படங்களையும் சில மாதம் முயன்றேன். கேட்டது கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கோடுகள் பாதியில் முடியும், எது இறகு எது புல் என்று பிரியாது. மயில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பத்து நொடி பார்த்துவிட்டு, "இதுக்கு ஏம்ப்பா மூணு காலு?" என்றாள். அச்செடுக்கும் முன் காலை எண்ணுவது இப்போது என் வேலை.

வகுப்பு அனுபவம் வேறு மாதிரி. 28 பேருக்கும் ஒரே வண்ணத்துப்பூச்சியை வீட்டு பிரிண்டரில் ஒவ்வொன்றாக எடுத்தது முட்டாள்தனம். ஒன்றை நன்றாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பள்ளி ஜெராக்ஸ் மெஷினில் எடுப்பதே வழி. மூலப்படியைப் பிளாஸ்டிக் உறையில் தனியாக வைக்க வேண்டும். நகலிலிருந்து நகல் எடுத்துக்கொண்டே போனால் கோடு தடித்துப் புள்ளி புள்ளியாகிவிடும். ஒரே படமாக இல்லாமல் நான்கு படம் வைத்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்ன பிறகு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதே நிறத்தை அடிப்பது குறைந்ததாக மனைவி சொல்கிறாள். ஒரு தாளில் இரண்டு படம் போடுவது பெரிய பிள்ளைகளுக்குச் சரி. மூன்று, நான்கு வயதுக்கு முழுப் பக்கமும் தடித்த கோடும் வேண்டும், சின்னக் கட்டத்துக்குள் கை நிற்காது.

கடைசியாக, எங்கள் வீட்டில் அதிகம் அச்சானது எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் மகள் பென்சிலில் ஒரு வீடு வரைந்தாள். ஏழு ஜன்னல், கதவு இல்லை. "இத கலர் அடிச்சா போயிடும்ல?" என்று தயங்கினாள். போனில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி அச்செடுத்துக் கொடுத்தேன். மங்கலான பென்சில் கோடு கறுப்பாக எழுந்து நின்றது. அன்றைக்கே ஐந்து பிரதி கேட்டாள். ஒன்று பகல் வீடு, ஒன்று மழை வீடு, ஒன்றில் எல்லா ஜன்னலும் மஞ்சள். சென்ற வாரம் கேட்டது பதினெட்டாவது பிரதி. கதவு மட்டும் இன்னும் வரையவில்லை. கேட்டால், "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க" என்கிறாள்.