ரத்தம் வடிந்து பிரஷர் விழும்போது எந்த பெப்டைடு கைகொடுக்கும்?

விபத்தில் ரத்தம் போய் பிரஷர் சரிந்தவருக்கு முதல் மருந்து ரத்தம்தான், கசிவை அடைக்கும் அறுவை சிகிச்சைதான். பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், அதற்குத் துணையாக மட்டுமே வரலாம். அந்தத் துணைக்கு எது தகுதியானது?

என் தேர்வு வாசோபிரெசின். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் இந்த ஹார்மோன் நம் உடலிலேயே சுரப்பது. ரத்தம் போகத் தொடங்கியதும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதை அள்ளி விடுகிறது. ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை, நீடித்தால் கையிருப்பு தீர்ந்துபோகிறது. அதே நேரம் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுவதால் பிரஷரை ஏற்றும் இன்னொரு ஹார்மோனான நார்அட்ரினலினுக்கு ரத்தக்குழாய்கள் சரியாகச் சுருங்குவதில்லை. வாசோபிரெசின் அந்த நிலையிலும் ஓரளவு வேலை செய்யும். குறைந்த அளவில் இதைக் கொடுப்பது, தீர்ந்துபோன ஹார்மோனை ஈடுகட்டுவதுதான்.

இதற்குச் சான்றும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 100 காயமுற்றோரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட அவர்ட்-ஷாக் ஆய்வில், முதலில் 4 யூனிட் ஊசி, பிறகு நிமிடத்துக்கு 0.04 யூனிட் வரை கொடுத்தார்கள். 48 மணி நேரத்தில் ஏற்ற வேண்டியிருந்த ரத்தப் பொருள்களின் இடைநிலை அளவு, மருந்து பெறாதவர்களுக்கு 2.9 லிட்டர், பெற்றவர்களுக்கு 1.4 லிட்டர். ரத்த வங்கி வறண்டு கிடக்கும் ஊர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் இறப்பு இரு தரப்பிலும் 12 சதவீதம்தான் என்பதை மறைக்கக் கூடாது.

அதன் உறவுக்காரன் டெர்லிப்ரெசின் உடலுக்குள் மெல்ல உடைந்து நெடுநேரம் நிற்பது. கல்லீரல் சுருக்க நோயில் உணவுக்குழாயின் ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி எடுப்பவர்களுக்கு இது பொருத்தமானது. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைத்து ரத்தப்போக்கையே தணிக்கிறது. விபத்துக் காயத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதயத்துக்கும் விரல்நுனிக்கும் ரத்தம் குறையும் ஆபத்து இருக்கிறது, கொடுத்த மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் வழியில்லை.

ரத்தக்குழாய்களைச் சுருக்கும் இன்னொரு பெப்டைடு ஆஞ்சியோடென்சின் 2, இந்தப் போட்டிக்கே வெளியே. அமெரிக்காவில் 2017இல் அதற்கு அனுமதி கிடைத்தது, கிருமித்தொற்று போன்றவற்றால் குழாய்கள் தளர்ந்துபோகும் ஷாக்குக்கு. ரத்தம் இழந்த உடலில் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரந்து ஏற்கெனவே அதைப் பெருக்கிக்கொண்டிருக்கும்.

மிகவும் ஆர்வமூட்டுவது நான்காவது: அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனின் முதல் 24 அமினோ அமிலத் துண்டு. 1980களில் இத்தாலியில் பெர்டோலினி குழுவினர் ரத்தம் இழந்து சாகக் கிடந்த எலிகளின் பிரஷரை இதைக் கொண்டு மீட்டார்கள். மூளையிலுள்ள எம்சி4 என்ற ஏற்பிகளைத் தொட்டு, மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக அழற்சியையும் அடக்குகிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் மருந்து அலமாரிக்கு இதைக் கொண்டுவர, காயமுற்றோரிடம் பெரிய அளவில் ஆய்வு நடந்தாக வேண்டும்.