பஸ்ஸில் பாட்டு கேட்க: ஃபோம் முனை இயர்போனா, ஏஎன்சி இயர்பட்டா?

கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் பாட்டு கேட்டபடி போகிறவர்களுக்கு என் ஓட்டு, மெத்தென்ற பஞ்சு மாதிரி ஃபோம் முனை போட்டு, காதை நன்றாக அடைக்கும் ஒயர் இயர்போனுக்குத்தான். ஏஎன்சி, அதாவது வெளி இரைச்சலைத் தானே குறைக்கும் வசதி உள்ள இயர்பட், எஞ்சினின் சீரான உறுமலை மைக்கில் பிடித்து எதிர் அலை போட்டு அருமையாகக் குறைக்கும், ஆனால் ஏர் ஹாரன், கண்டக்டர் விசில் மாதிரி திடீரென்று கிளம்பும் கீச்சுச் சத்தத்தில் அது திணறிவிடும்; அங்கே ஃபோம் முனைதான் கை கொடுக்கும், சார்ஜும் வேண்டாம். சோமனூர் விசைத்தறிச் சத்தத்துக்கும் இதே கணக்குத்தானுங்க.

முனையை விரலால் உருட்டிச் சுருக்கி, காது மடலை மேலே இழுத்துச் சொருகி, விரியும்வரை பிடித்திருங்கள். சரியாக அடைக்காவிட்டால் பாட்டில் பேஸ் (கனமான அடி ஒலி) போய்விடும், அப்புறம் வால்யூமை ஏற்றிக் காதைக் கெடுத்துக்கொள்வோம். ஃபோம் நாளாவட்டத்தில் தளரும், மாற்றணும்.

ரோட்டில் நடக்கும்போது மட்டும் ஏஎன்சி மேல்: பல மாடல்களில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி உண்டு, ஒயரில் கழற்றித்தான் ஆகணும்.