புது வருஷத்துக்கு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாமா? என்னோட ரிவ்யூ

ஜனவரி வந்தாலே நடக்கணும், நேரத்துக்கு தூங்கணும்னு எல்லாருக்கும் ஒரு வேகம் வரும், கூடவே ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாமாங்கற கேள்வியும் வரும். நான் கட்டியிருக்கறது ரொம்ப பேசிக் மாடல், ஜிபிஎஸ் கிடையாது, போன் கால் பேச முடியாது, ஸ்டெப்ஸ், ஹார்ட் ரேட், தூக்கம், அலாரம் அவ்வளவுதான். என்னைக் கேட்டா தாராளமா வாங்கலாம், ஆனா கட்டினதும் முதல் வேலையா டெய்லி கோலை மாத்திடுங்க.

ஏன்னா நிறைய பேண்ட்ல பெட்டியைப் பிரிக்கும்போதே கோல் 10,000 ஸ்டெப்ஸ்னு இருக்கும். இந்த நம்பர் 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப் மீட்டரோட விளம்பரத்துல ஆரம்பிச்சு உலகம் பூரா பரவினது. 2019ல அமெரிக்காவுல சராசரி வயசு 72 இருக்கற பெண்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்களுக்கே இறப்பு விகிதம் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு, 7,500க்கு மேல போனா பெருசா வித்தியாசம் தெரியல. அதனால முதல் ஒரு வாரம் எப்பவும் போல இருங்க, எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு அதோட ஒரு ஆயிரம் சேத்து கோல் வைங்க. சின்னதா இருக்கேன்னு யோசிக்காதீங்க, டெய்லி முடிக்க முடியறது தான் நிக்கும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது உக்காந்தே இருந்தா வர்ற அலர்ட் தான், ஒரு மணி நேரம் அசையலன்னா கையில லேசா ரெண்டு தடவ அதிரும், உடனே எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு ஒரு சுத்து நடந்துட்டு வந்துடலாம், கழுத்து முதுகு பிடிச்சுக்கறது இதாலயே நிறைய குறைஞ்சிருக்கு. அலாரமும் அதே மாதிரி தான், சத்தமே இல்லாம அதிர்றதால பக்கத்துல தூங்கறவங்க முழிக்க மாட்டாங்க.

ஸ்டெப் கணக்கு கை வீசறதை வெச்சுத்தான் எடுக்குது. அதனால ட்ராலியோ குழந்தை வண்டியோ பிடிச்சு தள்ளிட்டு எவ்வளவு நடந்தாலும் கம்மியா தான் காட்டும், பாத்திரம் தேய்ச்சா நடக்காமலே ஏறும். தூக்கமும் அப்படித்தான், எத்தனை மணிக்கு படுத்தோம் எழுந்தோம்ங்கறது ஓரளவு சரியா இருக்கு, ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு நிமிஷம்னு காட்டறதெல்லாம் ஒரு யூகம் தான், காலைல அந்த ஸ்கோரைப் பாத்து மூட் அவுட் ஆகவே கூடாது. பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேணும், அது கிடைக்குதான்னு மட்டும் பாருங்க.

ஆப்ல எனக்கு கோபம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, ஒரு நாள் விட்டா ஸ்ட்ரீக்கை, அதாவது விடாம எத்தனை நாள் கோலை முடிச்சோம்ங்கற கணக்கை, பூஜ்யத்துக்கு கொண்டு போயிடுது. லண்டன்ல 96 பேரை வெச்சு பண்ணி 2010ல வெளியான ஆராய்ச்சியில ஒரு பழக்கம் தானா வர ஆளைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு, நடுவுல ஒரு நாள் விட்டா எதுவும் கெட்டுப் போகலன்னும் சொல்றாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கறவங்களை போய் ஆரம்பத்துல இருந்து எண்ணுன்னு சொல்ற இந்த ஸ்ட்ரீக்கை ஆஃப் பண்ணிட்டு வாரக் கணக்கை பாருங்க, உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் வேகமான நடை மாதிரி உடற்பயிற்சின்னு தான் சொல்லுது, அதை எப்படி பிரிச்சுக்கிட்டாலும் சரி.

பேட்டரி பத்தி குறை இல்ல. ஹார்ட் ரேட்டுக்கு மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, லூஸா இல்லாம கட்டணும். நெஞ்சு படபடப்பு, மயக்கம் மாதிரி இருந்தா பேண்ட் என்ன காட்டினாலும் டாக்டர்கிட்ட போயிடுங்க. ஸ்ட்ராப்பை மட்டும் அடிக்கடி சோப்பு போட்டு கழுவி நல்லா காய வெச்சு கட்டுங்க, வியர்வையோடயே விட்டா தோல் சிவந்து அரிக்கும்.